தேடி வந்த ஆத்துமா

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துச் சபையில் அருள்நேசன் பிரசங்கம் செய்யத் தொடங்கி ஒரு வருடமாகிறது. கேட்பவர்கள் கொட்டாவி விடுவதை அவரே கவனித்திருந்தார்.

“கர்த்தர் என்னை இதுக்குத்தான் அழைச்சாரான்னு சந்தேகமா இருக்கு. ஒரு ஆத்துமாவாவது தேடி வந்தா தொடர்றேன். இல்லாட்டி விட்டுர்றேன்” என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் மாலையே மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வசிக்கும் சுகிர்தா வாசலில் வந்து நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, ஞாயித்துக்கெழம நீங்க பேசுனத எங்க வீட்டுல வந்து மறுபடி பேசணும்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணுவிடாம, ஐயா.”

அருள்நேசன் உடனே வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். லயத்து வீட்டின் உள்ளே ஏதோ சிணுங்கல் கேட்டது. அதைக் கண்டுகொள்ளாமல் முன்னறையில் நின்று முழுப் பிரசங்கத்தையும் உருக்கமாகச் செய்தார். முடித்தபோது சுகிர்தா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த வசனம் தங்கச்சி ஒங்க மனசத் தொட்டுச்சு?”

“மெதுவா பேசுங்க ஐயா. பல்லு மொளைக்கிற புள்ள, ஒரு வாரமா கண்ண மூடல. சபையில நீங்க பேசுறப்ப மட்டுந்தான் தூங்குனான். இப்பவும் தூங்கிட்டான்.”

அருள்நேசன் உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டிலில் குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.