அவிழ்த்துப் பார்த்த முடிச்சு

பட்டினி போட்டிருந்த டெங்குக் கொசுக்களின் கூண்டின் துணி வாயைச் சரியாகக் கட்டினேனா என்ற சந்தேகத்தில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்று பறந்துவிட்டது. அது அகப்படும்வரை ஆய்வறைக் கதவைத் திறக்கக் கூடாது.

“ஒரு தடவ கட்டுனா போதாதாடா ஒனக்கு? ஒன்னால இன்னிக்கும் என் ஈவினிங் கிளாஸ் போச்சு,” என்று என்னோடு தேடிய தமயந்தி அக்கா சிரித்தார். அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது. மறுபடி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் சோதிக்கும் மருந்தோ இன்னும் எலிச் சோதனையைத் தாண்டவில்லை.

விளக்குக்குக் கீழே, வெள்ளைச் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. அடித்தேன். கையுறையில் சிவப்பாக ஒட்டியது.

“என் ரத்தமாத்தான் இருக்கும்க்கா,” என்றேன். எனக்கு எங்கும் அரிக்கவில்லை. கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினார். இனிக் கதவைத் திறக்கலாம். இருவருமே நகரவில்லை.