பிரிக்காத பங்கு

"வீடு வர்றப்ப வரட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் தரையை ஏன் சும்மா போடணும்?"

கருத்தம்மாள் கேட்டது ஜெகதீஸ்வரனுக்கே நியாயமாகத்தான் பட்டது. எதிராளி பக்கம் நியாயம் இருந்தால் மனுஷனுக்குக் கோபம்தான் வரும். வந்தது.

அருப்புக்கோட்டை பைபாஸ் பக்கம் எழும்பப்போகும் அடுக்குமாடியில் இரண்டு பேருமே ஆளுக்கொரு வீடு வாங்கியிருந்தார்கள். வீடு என்றால் பத்திரத்தில்தான் வீடு. தரையில் அஸ்திவாரமும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளும்தான் இருந்தன. ஜெகதீஸ்வரனுக்கு மூணாவது மாடி. மேலே காக்கா பறந்தால், "நம்ம ஹாலுக்குள்ள போகுது பாரு" என்று மனைவி ரேணுகாதேவிக்குக் காட்டுவார்.

ஆடியில் வேலை நின்றுபோனது. கட்டடம்தான் வரவில்லையே தவிர, குடியிருப்போர் சங்கம் வந்துவிட்டது. தலைவர் ஜெகதீஸ்வரன்.

ஆவணியில் ஒரு மழை பெய்தது. நரிக்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்த கருத்தம்மாளுக்குக் கை சும்மா இருக்குமா? கார் நிறுத்த விட்டிருந்த இடம் முழுக்க மொச்சையைப் போட்டுவிட்டாள். இப்போது மார்கழி. கொத்துக் கொத்தாகக் காய்.

"யாரைக் கேட்டும்மா போட்டீக?"

"பத்திரத்துலயே எழுதியிருக்குல்ல, நிலத்துல எனக்குப் பிரிக்காத பங்கு உண்டுன்னு."

"பிரிக்காத பங்குன்னா எது யாருதுன்னு சொல்ல முடியாதும்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். இது என்னுது இல்லைன்னு நீங்களும் சொல்ல முடியாதுல்ல?"

ஜெகதீஸ்வரன் குரலை இறக்கினார். உண்மையான கவலை வேறு. மகள் கல்யாணம் பேசி முடித்த ஜோரில், "புது வீடு ரெடி, பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி" என்று மதுரைச் சம்பந்தியிடம் அளந்துவிட்டிருந்தார். அவர்கள் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீடு பாக்க வர்றாக. நாலு சிமெண்டு மூட்டை கெடந்தா வேலை நடக்குதுன்னு சொல்லிச் சமாளிப்பேன். மொச்சைக் காட்டைக் காட்டி என்னத்தச் சொல்ல? எம் மக வாழ்க்கைம்மா."

கருத்தம்மாள் செடிகளை ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னும் ஒரு பறிப்புக்கூடப் பறிக்கல. சரி, மகளுக்குன்னு சொல்லிட்டீக. சனிக்கிழமையே பிடுங்கிர்றேன்."

சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் அறிவித்தார்: 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது.' கட்டைவிரல்கள் குவிந்தன.

"அம்புட்டுக் காயையும் சந்தையில வித்திருப்பா, கெட்டிக்காரி" என்றாள் ரேணுகாதேவி.

ஞாயிறு காலை. சம்பந்தி நாகராஜும் அவர் மனைவியும் காரைவிட்டு இறங்கினார்கள். தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

"வீடு எங்க?" என்றார் நாகராஜ்.

ஜெகதீஸ்வரன் ஆகாயத்தைக் காட்டினார். "அந்தா, அந்த வேப்பமரத்துக்கு மேல ஹாலு. இந்தப் பக்கம் கிச்சன். காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

"தெரியுது. காத்து மட்டும்தான் இருக்கு."

நாகராஜ் சிரிக்கவில்லை. அவர் மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் கம்பியிலேயே நின்றுவிடும் போலிருந்தது.

அப்போது வாட்ச்மேன் சின்னத்துரை தலையில் ஒரு மூட்டையோடு வந்தான். "மூணு பி வீட்டுக்கு. இந்த நெலத்துல வெளைஞ்சதுல உங்க பங்கு அண்ணாச்சி."

பிரித்தால், பச்சை மொச்சை.

சம்பந்தியம்மாள் குனிந்து ஒரு காயை உரித்தாள். "அடியாத்தி, நாட்டு மொச்சை. மதுரையில இந்த மாதிரி எங்க கெடைக்குது?"

நாகராஜின் முகமும் இளகியது. "கட்டுறதுக்கு முந்தியே வீட்டுல இருந்து வெள்ளாமை வருதே. ராசியான இடம்தான்."

ஜெகதீஸ்வரனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. "தலைவருங்கிற முறையில நான்தான் சொன்னேன் சம்பந்தி, நிலத்தைச் சும்மா போடக்கூடாதுன்னு."

மூட்டை சம்பந்தியின் காரில் ஏறியது. வண்டி கிளம்பிய பிறகுதான் வாட்ச்மேன் கொட்டகைக்குள் ஜெகதீஸ்வரனின் கண் போனது. வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு நம்பர்.

"இதெல்லாம் என்னலே?"

"எல்லா வீட்டுக்கும் உள்ள பங்கு. பிரிக்காத நிலத்துல ஒருத்தர் வெதைச்சா, பங்காளிக அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் மகசூல் போகணுமாம். கருத்தம்மாக்கா ஊரு வழக்கம்."

"எல்லாருக்கும் பை, எனக்கு மட்டும் ஏன் மூட்டை?"

"அந்தக்கா தம் பங்கையும் உங்க மூட்டையிலயே கொட்டிட்டாக. 'வீட்டைத்தான் காட்ட முடியாது, சம்பந்தியை வெறுங்கையோடயா அனுப்புவாரு'ன்னு."