தெற்குச் சன்னல்

மத்திகிரியில் வீடு கட்டியபோது, மனைவி ருக்மணி வேண்டாம் என்று சொல்லியும், தெற்கே நின்ற பலாவை வெட்டித்தான் திம்மராயன் மூன்று சன்னல்களையும் செய்தான். நிறத்தை மட்டும் அவளிடம் விட்டான். பச்சை என்றாள்.

ஐந்தாம் வருஷம் மறுபூச்சுக்கு வந்த பெயிண்டர் ஆரோக்கியநாதன் இரண்டு சன்னல்களை மட்டும் சுரண்டினார். “தெக்கால சன்னல் வெளுக்கவே இல்லீங்க. நெழல்ல இருக்குதில்ல?”

திம்மராயன் போய்ப் பார்த்தான். உச்சிவெயில். எதிரே பலாவின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. சன்னல் கதவின்மேல் இலைகளின் நிழல் மெல்ல அசைந்தது.

ருக்மணி ராகி முறத்தோடு மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

“இங்கயே காயப் போடேன்.”

“குடி வந்ததுல இருந்து இந்தப் பக்கம் எங்க வெயில் படுது?” என்றவள், அடிக்கட்டைக்கு அருகே வந்ததும், வழக்கம்போலத் தலையைக் குனிந்து கடந்து போனாள்.