தொங்கும் படகு

இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று அகப்பட்டாலும் டீச்சருக்கு மெமோ என்று சொல்லிக்கொண்டேதான் கல்வி அலுவலர் உள்ளே வந்தார். முப்பது பிள்ளைகளில் அப்படி இருந்த ஒரே பிள்ளையான பொன்மதியிடம் அவர் விரல் நேராகப் போய் நின்றது. அதிகாரிகளுக்கு அப்படியொரு விரல் வாய்த்துவிடுகிறது. பொன்மதி எழுந்து பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். எஸ்தர் டீச்சர் அதைப் பார்த்தார். அலுவலர் அதைப் பார்த்துவிட்டதையும் பார்த்தார். திறந்திருந்த பக்கத்தில் ஒரு படகுப் படமும் இரண்டே வரியும் இருந்தன.

"கடல் மேல இருக்கு," என்று அவள் வாசிக்கத் தொடங்கினாள். "படகு அதுல தொங்கிட்டே போவுது. மீன்காரரு ரெண்டு கையாலயும் படகப் புடிச்சிருக்காரு. விட்டா வானத்துல விழுந்துருவாரு. இப்பன்னு பாத்து அவருக்கு மூக்கு அரிக்குது."

வகுப்பில் ஒரு பிள்ளையும் மூக்கைத் தொடவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. முட்டை போடும் நாள்தான், ஒருவரும் எழவில்லை. எஸ்தர் டீச்சர் மெமோவை மறந்து, மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சொறிஞ்சிட்டாராம்மா?" என்றார் அலுவலர், குரல் இறங்கிப்போய்.

"பக்கத்தத் திருப்புனாத்தான் சார் தெரியும்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். புத்தகத்தை நேராக்காமல், பக்கத்தை மட்டும் மெல்லத் திருப்பினார்.