அறுபத்தொரு கட்டைகள்

பன்னிரண்டாவது திருகாணியையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். சாப்பாட்டு மேசைமேல் சிந்தசைசர் கீபோர்டு குப்புறக் கிடந்தது.

"இன்னொரு தடவை யோசிச்சுக்கோ. இது பல்செட் இல்ல" என்றான் கணவன்.

அவள் பல் மருத்துவமனையில் பல்செட் செய்பவள். முடி போன்ற கம்பியையும் நடுங்காமல் வளைக்கிற கை. இன்று அந்தக் கையைத் துண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக்கே அனுப்பிடலாமே. அங்க இதுக்குன்னே ஆள் இருக்காங்க."

"அனுப்பினா என்ன பண்ணுவாங்கன்னு நீங்களே கேட்டுக்குங்க." போனை அவன் பக்கம் தள்ளினாள்.

ஸ்பீக்கரில் கம்பெனியின் சர்வீஸ் பொறியாளர் பேசினார். "மூணு வாரம் ஆகும் சார். புது மெமரி போர்டு போடுறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிடுவோம். எங்க முறை அது."

"அதுல எங்க பொண்ணோட குரல் இருக்கு சார்." அவன் போன் பக்கம் குனிந்தான். "ஆபரேஷனுக்கு முந்தின ரெண்டு நாள்ல பதிஞ்சது. வேற எங்கயும் இல்ல."

"மன்னிச்சிடுங்க சார். அப்ப நீங்களே போடுறதுதான் வழி. பிளக்கை எப்ப உருவினீங்க?"

"பத்து நிமிஷம் ஆச்சு."

"இப்ப அந்தக் குரலைப் பிடிச்சு வச்சிருக்கிறது உள்ள இருக்கிற சின்ன பேட்டரி மட்டும்தான். அதுவும் தீரப்போகுதுன்னு திரையில காட்டினதாச் சொன்னீங்க. சீக்கிரம் முடிச்சிடுங்க."

அழைப்பு முடிந்தது. "பேசாம மூடிடு. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றான் அவன்.

"இந்த மாசமோ அடுத்த மாசமோ பேட்டரி தானா தீர்ந்துடும். அப்ப என்ன பண்ணுவீங்க?" கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்குள்ள முடிச்சாகணும். டார்ச்சைப் பிடிங்க. ஆட்டாதீங்க."

அடிப்பக்கத் தகட்டை எடுத்தாள். உள்ளே காலியாக இருந்த இடத்தில் வாங்கி வைத்திருந்த புது மெமரி பலகையைச் சாய்த்து வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. எடுத்து, ஊதி, மறுபடி வைத்தாள். கட்டைவிரலின் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

'டக்'கென்று ஒரு சத்தம்.

"உடைஞ்சிடுச்சா?"

"உக்காந்துடுச்சு."

இருவருமாகச் சேர்ந்து சிந்தசைசரை நிமிர்த்தினார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் மேலே சின்னச் சின்னக் காகிதச் சீட்டு. அப்பா, தண்ணி, வேணாம், போதும். சில சீட்டுகளில் விரல் பட்டுப் பட்டு எழுத்தே தேய்ந்திருந்தது.

பிளக்கைச் செருகினான். திரை கறுப்பாகவே இருந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"பாருங்க" என்றாள்.

பழைய பதிவுகளைப் புதிய பலகைக்கு மாற்றவா என்று திரை கேட்டது. விரலை வைத்தாள். பத்து சதவீதம். முப்பது. நாற்பத்தொன்றில் நின்றது. நின்றே இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்..." என்று அவன் ஆரம்பித்தான்.

நாற்பத்திரண்டு.

அதற்குப் பிறகு நூறு வரும்வரை இருவரும் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை.

"நீங்க தட்டுங்க" என்றாள்.

"என்னால முடியாது."

அவளே ஒரு கட்டையை அழுத்தினாள்.

"அப்பா" என்றது பெட்டி. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கடைசி எழுத்தை இழுக்கிற அதே குரல்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆபரேஷன் அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அவள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வாசல் கதவு திறந்தது. பள்ளிக்கூடப் பை ஒன்று சோபாவில் வந்து விழுந்தது. கழுத்தின் குறுக்கே தழும்போடு ஒன்பது வயது மகள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்து மூன்று கட்டைகளைத் தட்டினாள்.

"அம்மா. பசிக்குது. சீக்கிரம்."