அசல் அராஜகவாதி

"சர்க்கார் வேணாம்னு நீயும் சொல்றே, நானும் சொல்றேன். ஆனா அசல் அராஜகவாதி நான்தான்!"

வாஹித் பாஷாவின் டீக்கடையில் கோதண்டபாணி மேசையைத் தட்டினார். தோல் மண்டிக்காரர்.

"வரி வேணாம், லைசென்ஸ் வேணாம், போலீஸ் வேணாம். பாடுபட்டு சம்பாதிச்சது அவனவனுக்கு. விக்கிறவனும் வாங்குறவனும் பேசி முடிச்சுக்கட்டும். அதான் சுதந்திரம்."

"போலீஸ் இல்லாம உங்க மண்டிக்கு யாரு காவல், மண்டிக்காரரே?" இருதயராஜ் சிரித்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவன். "மொதலாளி இருக்கிற வரைக்கும் சர்க்கார் இருக்கும். ஷாப்பு, நெலம், கெணறு எல்லாம் பொதுவாகணும். 'என்னுது'ன்னு ஒருத்தன் சொன்னாலே அங்க ஒரு ராஜா மொளைச்சுட்டான்னு அர்த்தம்."

ஒரே கட்சியில் இருந்துகொண்டு இவர்கள் ஜென்மப் பகையாளிகளாய் முறைத்துக்கொள்வது பேட்டைக்கே வேடிக்கை.

அந்தக் கோடையில் ஷாப்பில் ஸ்ட்ரைக் வந்தது. வேடிக்கை போயிற்று.

முதலாளி ஷாப் கிணற்றைப் பூட்டினார். சேரிக் கிணறு தோல் கழிவு இறங்கி எப்போதோ கெட்டுவிட்டது. பாலாற்று ஊற்றிலும் சேறு. நல்ல தண்ணீர் கோதண்டபாணியின் தோட்டத்தில் மட்டும்தான். 'ஸ்ட்ரைக்காரனுக்குத் தண்ணி தர்றவனுக்கு ஜெயில்' என்று போலீஸார் தண்டோராவும் போட்டுவிட்டார்கள்.

தோட்டத்துப் படல் சாத்தியே கிடந்தது.

"பாத்தியா, சொத்துக்காரன் புத்திய!" இருதயராஜ் கடப்பாரையை எடுத்தான். வீட்டில் மகள் ஜுரத்தில் நாக்கு வறண்டு கிடந்தாள். அவன் மனைவி சவுரியம்மாளும் தெருப் பெண்களும் குடத்தோடு பின்னால் வந்தார்கள்.

படலுக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி நின்றிருந்தார்.

"ஒடச்சா நீ திருடன். கேட்டா என் விருந்தாளி. இது என் கெணறு. யாருக்குத் தரணும், தரக்கூடாதுன்னு எந்த சர்க்காரும் எனக்குச் சொல்ல முடியாது."

"தண்ணி எவன் சொத்தும் இல்ல. கேக்க மாட்டேன்."

"கேக்காம விட மாட்டேன்."

வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

சவுரியம்மாள் குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"ஒங்க ரெண்டு பேரு நியாயமும் கொடத்துல ரொம்பாது. அண்ணே, தண்ணி மொண்டுக்கட்டா?"

"தாராளமா மொண்டுக்கம்மா. எல்லாரும் உள்ள வாங்க."

சேரிப் பெண்கள் முதல் முறையாக அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்தார்கள். பாதிக் குடம்கூட நிறைந்திருக்காது. இன்ஸ்பெக்டர் ஜவான்களோடு வந்துவிட்டார்.

"யாரு கெணறுய்யா இது? சொந்தக்காரன் விட்டிருந்தா அவனுக்கு வெலங்கு. அவன் விடாம இவனுங்க பூந்திருந்தா இவனுங்களுக்கு வெலங்கு. சீக்கிரம் சொல்லுங்க!"

கோதண்டபாணி மார்பை நிமிர்த்துவதை இருதயராஜ் பார்த்தான். இந்த மனுஷன் வாயைத் திறந்தால் ஜெயில்தான். முந்திக்கொண்டான்.

"அவரோட சொந்தக் கெணறு சார். அவரு விடல. நாங்கதான் அவரு சொத்துல பூந்து திருடினோம். இந்தாங்க கடப்பாரை."

'அவர் சொத்து' என்ற வார்த்தை அவன் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.  தலையைக் குனியாமல் கையை நீட்டினான். விலங்கு விழுந்தது.

"நிறுத்துய்யா!"

கோதண்டபாணி குறுக்கே பாய்ந்து தன் கையையும் நீட்டினார்.

"இன்னா திருட்டு? தண்ணி என்ன எங்கப்பன் வீட்டு சொத்தா? இது பொதுக் கெணறு! பொதுக் கெணத்துல மொண்டவன் திருடன்னா, தெனம் மொள்ளுற நான் பெரிய திருடன். என்னை மொதல்ல புடி!"