பேக்கரிக்காரரின் பகல் தூக்கம்

"வாயை மூடிக்கிட்டு ஆடுங்கடி! பேக்கரிக்காரர் தூங்குறார்!"

பயிற்சியாளர் இதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்களின் கூடைப்பந்து அணி அது. பள்ளி மைதானத்தின் சுவரை ஒட்டினாற்போல் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் இரவெல்லாம் பேக்கரி அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து பகலில் தூங்குபவர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய மனைவி ஜன்னலில் நின்று ஒரு சத்தம் போட்டார். அன்றோடு மைதானத்தில் பேச்சு நின்றது.

போன வருடம் இந்த அணி ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றது. ஆடியதைவிடக் கத்தியதுதான் அதிகம். "நீதாண்டி கோட்டை விட்டே!", "உன்னை யாருடி அங்க போய் நிக்கச் சொன்னது?" என்று கூடைக்குக் கீழேயே குழாயடிச் சண்டை நடக்கும். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன பள்ளிச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருடம் அரையிறுதிக்கு வராவிட்டால் மைதானம் வண்டி நிறுத்தும் இடமாகிவிடும்.

இந்த வருடம் என்ன மாயமோ, முதல் ஐந்து ஆட்டத்திலும் வெற்றி! ஊரே வாயைப் பிளந்தது. பயிற்சியாளரும் சேர்ந்து பிளந்தார் என்பதுதான் வேடிக்கை. இன்னும் ஒன்று ஜெயித்தால் அரையிறுதி. ஆனால் நாளைக்கு மோத வேண்டியது போன வருடச் சாம்பியன்களோடு.

"மிஸ், அவங்க தொண்டை கிழியக் கத்துவாங்க. நாமளும் இன்னைக்கு ஒரு நாள் கத்திப் பழகிக்கலாம் மிஸ்," என்றாள் கேப்டன். அணியிலேயே குள்ளம் என்பதால் அவளுக்குக் கடுகு என்று பெயர்.

"ஆமா மிஸ், ஊமைப்படத்துல நடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் கொக்கு. பெயரே சொல்லும், அவள் நெட்டை.

பயிற்சியாளருக்கும் அது சரியென்று பட்டது. கேட்டுப் பார்ப்போமே என்று ஜன்னலருகே போனார். உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரரின் மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குப் பெரிய மேட்ச். இன்னைக்கு ஒரே ஒரு மணி நேரம் பிள்ளைங்க சத்தம் போட்டு ஆடட்டுமா?"

"நல்லா இருக்கே கதை! மனுஷன் இப்பத்தான் கண்ணசந்தார்."

"பந்து தட்டுற சத்தம் மட்டும் கேக்கத்தானே செய்யுது?"

"அது அவருக்குப் பழகிப்போச்சு. பேச்சுச் சத்தம்தான் ஆகாது. ஒரு குரல் வந்துச்சு, நேரா உங்க செயலாளர்கிட்ட போய் நிப்பேன்!"

செயலாளர் என்றதும் பயிற்சியாளர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். திரும்பி வந்து உதட்டில் விரலை வைத்தார். கடுகின் முகம் தொங்கிப்போனது.

"அந்த அக்காவுக்கு நம்மளைக் கண்டாலே ஆகாது மிஸ்."

"விடு. புருவத்தைத் தூக்கினா இடது, மூக்கைச் சொறிஞ்சா வலது. எல்லாருக்கும் ஞாபகம் இருக்குல்ல? ஆடுங்க."

மறுநாள் சாம்பியன்கள் கத்தித் தீர்த்தார்கள். "இடது பக்கம் போடு!", "எனக்குக் குடு!" என்று அவர்கள் கத்தக் கத்த, பந்து எங்கே வரப்போகிறது என்று நம் பெண்களுக்கு முன்கூட்டியே தெரிந்துபோனது. நம் பக்கம் ஒரு முணுமுணுப்பு இல்லை. கடுகு புருவத்தைத் தூக்குவதற்குள் கொக்கு இடது பக்கம் பாதி தூரம் போயிருந்தாள். இடையில் எதிரணிப் பயிற்சியாளர் தற்செயலாக மூக்கைச் சொறிந்துவிட, கொக்கு வலது பக்கம் ஓடியதும் நடந்தது.

கடைசி எட்டு விநாடி. ஒரு புள்ளி குறைவு. பந்து கடுகிடம். மூன்று பேர் அவளைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவள் மெதுவாக மூக்கைச் சொறிந்தாள். வலது மூலையில் யாரும் கவனிக்காமல் நின்ற கொக்கின் கைக்குப் பந்து போனது. அடுத்த நொடி கூடைக்குள் விழுந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று மாதமாக அடக்கி வைத்த சத்தம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பயிற்சியாளருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"அடியே, அந்த மனுஷன் தூங்கினதாலதாண்டி நாம ஜெயிச்சிருக்கோம்! வாங்க, அவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்."

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு இனிப்புப் பெட்டியோடு எல்லோரும் அந்த வீட்டு வாசலுக்குப் போனார்கள். சட்டையெல்லாம் மாவோடு பேக்கரிக்காரரே கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே மெஷின் வழக்கம்போலக் கடகடத்தது.

"நல்லாத் தூங்கினீங்களா அண்ணா? வேலைக்குக் கிளம்பிட்டீங்க போல?"

"கிளம்புறதா? இப்பத்தாங்க வேலை முடிஞ்சு வர்றேன். பகல் ஷிஃப்டுக்கு மாறி ரெண்டு மாசமாச்சே!"

பயிற்சியாளருக்குத் தலை சுற்றியது. "அப்போ தினமும் வீட்டுல தூங்குறது யாரு?"

பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தாங்க! 'இந்தப் பிள்ளைங்க வாயைத் திறந்தா சண்டை போடுதுங்க, மூடினாத்தான் ஒண்ணையொண்ணு பாத்து ஆடுதுங்க'ன்னு என் சம்சாரம் ஜன்னல் வழியாப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா. கோப்பை உங்க கைக்கு வர்ற வரைக்கும் நான் தூங்கிட்டேதான் இருக்கணுமாம்!"